மதாமும் பேய்க்கணவாயும்

எங்கள் வீட்டுக்காரம்மா கத்திச் சண்டை போட்டால் நான் நிம்மதியாகத் தூங்கப் போவேன். சிரித்துக்கொண்டே "சரி தம்பி" என்றால்தான் எனக்குத் தூக்கம் போய்விடும்.

காரைக்காலில் எங்கள் தெருவே அவரை மதாம் என்றுதான் சொல்லும். அவருடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். அந்தச் சொல்தா போய்ச் சேர்ந்து, மாலை போட்ட படமாகக் கீழ்வீட்டுக் கூடத்துச் சுவரில் ஏறிய பிறகுதான் நாங்கள் மாடிக்கு வாடகைக்குக் குடிவந்தோம். ஆகவே அவரை நான் கண்ணாடிச் சட்டத்துக்குள்தான் பார்த்திருக்கிறேன். முறுக்கிய மீசை, "எல்லாம் எனக்குத் தெரியும்" என்கிற பார்வை.

மதாமுக்கு அப்போது அறுபது தாண்டியிருக்கும். ஒல்லி. கழுத்தோடு வெட்டிவிட்ட நரைமுடி. நைட்டிக்கு மேலே எப்போதும் ஒரு கம்பளிச் சட்டை. அக்னி நட்சத்திரத்திலும் அது உடம்பில் இருக்கும். குடிவந்த புதிதில், விவரம் தெரியாமல், "உடம்பு சரியில்லையா மதாம்?" என்று கேட்டுவிட்டேன்.

"நல்லாத்தான் இருக்கேன். பிரான்சுல இருந்தப்ப குளிரு என்னை என்னா பாடு படுத்திச்சு தெரியுமா? அதுக்குக் காட்டுறேன். பாரு, உன் சட்டையைப் போட்டுக்கிட்டே வேர்க்குறேன், உன்னால என்ன பண்ண முடிஞ்சுதுன்னு."

குளிரைக்கூட விட்டுவைக்காத மனுஷி.

பழி வாங்குவதில் அவருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. உடனே திருப்பி அடிக்கமாட்டார். அடி வாங்கிய அளவுக்கு மேலேயும் கொடுக்கமாட்டார். வந்தது எதுவோ அதையே, துடைத்து, மடித்து, நல்ல நாள் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார். கொடுத்து முடித்ததும் இரண்டு கையையும் தட்டிக்கொண்டு "வுவாலா" என்பார். பிரெஞ்சில் "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்பது மாதிரி. "விட்டுத் தொலைங்களேன் மதாம், மன்னிச்சிடுங்களேன்" என்று என் மனைவி ஒரு தடவை சொன்னதற்கு, "மன்னிக்கிறது சாமி பாக்குற வேலை. அந்தச் சம்பளத்தை நானா வாங்குறேன்?" என்று கேட்டுவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டார்.

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து கூடையில் மீன் கொண்டுவருகிற அக்கா ஒருத்தி உண்டு. விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில், ஐஸில் எத்தனை நாளோ கிடந்த கானாங்கெளுத்தியை "இன்னைக்குக் காலையில கட்டுமரத்துல வந்தது மதாம்" என்று தலையில் கட்டிவிட்டாள். மதாம் மீனை முகர்ந்து பார்த்தார். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். தீபாவளிக்கு அந்த அக்கா வழக்கம்போல இனாம் கேட்டு வந்தாள். மதாம் ஒரு புடவை கொடுத்தார், அதிரசம் கொடுத்தார், பிறகு வண்ணத்தாள் சுற்றி ரிப்பன் கட்டிய பெட்டி ஒன்றையும் கொடுத்தார். அக்கா ஆசையாகப் பிரித்தாள்.

"யே மதாமே! என்னா இது?"

"உன் மீன்தான். ஃபிரிட்ஜுல பத்திரமா வச்சிருந்தேன்."

"அன்னைலேருந்தா?"

"இன்னைக்கு வந்ததுன்னு நீதானே சொன்ன? அந்த 'இன்னைக்கு' கெட்டுப்போயிடக் கூடாதுல்ல."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டு, வாசல்படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். "ஆத்தாடி! ஒங்கிட்ட ஏமாத்துறதுக்கு அந்தக் கடல்லயே வுழுந்துடலாம்." அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த மீன் எல்லாம் துள்ளிக்கொண்டு வந்தன. புடவையை மதாம் திருப்பிக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் கீழவாஞ்சூர் துறைமுகத்தில், லாரிகளுக்கு நுழைவுச்சீட்டு போட்டுக் கொடுக்கிற அறையில் வேலை பார்க்கிறேன். ஒரு நாள் ஒரு நிலக்கரி லாரி ஓட்டுநர் போனில் அழாத குறையாகப் பேசினார். "சார், லேட்டாவும் சார். என் வண்டிக்கு ஒரு அம்மா திரை போட்டுட்டாங்க சார்." எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மனிதர் தினமும் மதாம் வீட்டு வாசலில் லாரியை நிறுத்தித் தூங்கியிருக்கிறார். கரித்தூள் பறந்து மதாமின் வெள்ளைத் திரைச்சீலைகள் எல்லாம் கறுத்துப்போயின. மதாம் அத்தனையையும் துவைத்து, சொட்டச் சொட்டக் கொண்டுவந்து லாரியின் முன்கண்ணாடி மேல் விரித்து, கிளிப் போட்டுவிட்டார். ஓட்டுநர் கும்பிட்டிருக்கிறார். "காயட்டும்ப்பா, ஈரத்தோட எடுத்தா கறையாயிடும்" என்றாராம் மதாம். ஐப்பசி மாதம். வானம் மூடிக்கிடந்தது.

மாங்கனித் திருவிழாக் கதையையும் சொல்லிவிடுகிறேன். சாமி ஊர்வலம் வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பது எங்கள் ஊர் வழக்கம். கீழே நிற்கிறவர்கள் முண்டியடித்துப் பிடிப்பார்கள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், மதாம் காதுபட, "பிரெஞ்சுப் பென்ஷன் கொழுப்பு" என்று சொல்லியிருந்தார். "சரி சார்" என்றிருந்தார் மதாம். திருவிழா அன்று கூடையோடு எங்கள் பால்கனிக்கு வந்தார். "தம்பி, கொஞ்சம் நகந்துக்க." எல்லாரும் கனிந்த பழத்தைப் பூப்போல விட்டார்கள். மதாமின் கூடையில் கனிந்த பழங்களுக்கு அடியில் ஒரு காய் இருந்தது. கல் மாதிரிப் பச்சைக்காய். பொறியாளர் கண்ணை மூடிக் கைகூப்பி நின்ற நேரம் பார்த்து, குறி வைத்து விட்டார். டொக். மனிதர் ஒரு சுற்றுச் சுற்றினார். ஆனால் விழுந்தது சாமி மாங்கனி, யாரைத் திட்டுவது? குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இத்தனை கூட்டத்துல என்னைத் தேடி வந்துச்சு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"அவரு சந்தோஷமாத்தானே இருக்காரு? இதுல பழி எங்க மதாம்?" என்றாள் என் மனைவி.

"நெத்தியில பாரு. புடைச்சிருக்கு."

இப்படிப்பட்டவரிடம்தான் நான் வாயைக் கொடுத்தேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடி, சீட்டு எல்லாம் இல்லை. அவையாக இருந்தால் கௌரவமாக வெளியே சொல்லலாம். ஐம்பதை நெருங்குகிற ஆள், மூக்கில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, டேப்லெட்டில் பின்பால் ஆடுவேன். தெரியாதவர்களுக்காக: சாய்வான கண்ணாடி மேசை, உள்ளே ஓர் எஃகுப் பந்து. மேலிருந்து உருண்டு வருகிற பந்தைக் கீழே இருக்கிற இரண்டு துடுப்புகளால் அடித்து மேலேயே அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். பந்து மணியில் பட்டால் புள்ளி, விளக்கில் பட்டால் புள்ளி, துடுப்புகளுக்கு நடுவே விழுந்தால் சங்கு. அந்தக் காலத்து நிஜ மேசைகளை ஓவியம், ஓசை எதுவும் மாறாமல் ஒரு செயலிக்குள் கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொரு மேசையாகக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தேன். மனைவியிடம் சொன்ன கணக்கில் அது காஸ் சிலிண்டர் விலையேற்றத்தோடு சேர்ந்துவிட்டது.

ஒரு ஞாயிறு மதியம் சத்தத்தைப் பெரிதாக வைத்து ஆடிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் தடதடவென்று காலடி. கையில் கரண்டியோடு மதாம்.

"தம்பி, அந்தச் சத்தம் எங்கேருந்து வருது?"

பயந்துபோய் டேப்லெட்டைக் காட்டினேன். நீலக்கடல் ஓவியம். நடுவில் எட்டுக் கையையும் விரித்துக்கொண்டு ஓர் ஆக்டோபஸ், எங்கள் கடற்கரைப் பேச்சில் பேய்க்கணவாய், அதன் பிடியில் தலைக்கவசம் போட்ட முத்துக்குளிப்பவன். மதாம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கரண்டியிலிருந்து ரசம் சொட்டியது.

"இந்தச் சனியன் இங்கயும் வந்துடுச்சா?"

"உங்களுக்குத் தெரியுமா மதாம்?"

"குடு இங்க."

வாங்கினார். ஆடினார். பந்து மேலே போனது, ஒரு மணியைக்கூடத் தொடாமல் நேராக இறங்கி நடுச்சந்தில் விழுந்தது. நான் சிரித்துவிட்டேன். சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

"உங்களால முடியாது மதாம், விடுங்க."

மதாம் டேப்லெட்டை மெதுவாக மேசைமேல் வைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சரி தம்பி."

அவர் இறங்கிப் போன பிறகு சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "என்னங்க, அவங்க என்னா சொல்லிட்டுப் போனாங்கன்னு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"வேற வீடு பாக்குறீங்களா, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடட்டுமா?"

மறுநாள் மதாமே என் மனைவியிடம் கதையைச் சொல்லியிருக்கிறார். தூலோன் என்கிற துறைமுக ஊர். கல்யாணமான புதுசு. இவர்கள் குடியிருந்தது மாடியில், கீழே ஒரு கஃபே. கஃபேயின் மூலையில் இதே பேய்க்கணவாய் மேசை. ஃபிலிப்பேர் என்பார்களாம் அங்கே. சொல்தா முகாமிலிருந்து வந்தால் வீட்டுப் படி ஏறமாட்டார், நேரே ஃபிலிப்பேர்தான். மேலே மதாம் சோற்றை ஆக்கி வைத்துக்கொண்டு, மொழி தெரியாத ஊரில், தரைக்கு அடியிலிருந்து வருகிற மணிச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். மணி நின்றால் சோறு பரிமாறலாம். நிற்காது.

ஒரு நாள் பொறுக்கமுடியாமல் இறங்கிப் போய், நானும் ஆடுறேன் என்றிருக்கிறார். பந்து இதே மாதிரி நேராக இறங்கியிருக்கிறது. பட்டாளத்துக் கூட்டமே சிரித்திருக்கிறது. சொல்தா சொன்னாராம்: "தோசை திருப்புற மாதிரின்னு நெனச்சியா? உன்னால முடியாது, போ."

சொல்தா அந்த மேசையில் எடுத்த உச்சப் புள்ளி முப்பத்தேழு லட்சத்துச் சொச்சம். சாதனை செய்தவர்கள் மூன்று எழுத்தில் பெயர் பொறிக்கலாம். அவர் ஆர், ஓ, ஐ என்று பொறித்தாராம். பிரெஞ்சில் 'ருவா', ராஜா. ஊருக்கு வந்த பிறகும் கல்யாண வீடு, சாவு வீடு என்று பார்க்காமல் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டேயிருப்பாராம், சொச்சத்தையும் விடாமல். ஆஸ்பத்திரிப் படுக்கையில்கூட நர்ஸிடம் சொன்னாராம். அத்தனை வருஷமும் மதாம் ரசம் ஊற்றிக்கொண்டு "சரிங்க" என்றிருக்கிறார்.

என் மனைவி இதைச் சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் அதையே சொல்லியிருக்கீங்க. மரியாதை மட்டும்தான் கூடுதல்."

அன்றிலிருந்து மதியம்தோறும் டேப்லெட் மதாம் வசம். நான் வேலைக்குக் கிளம்பும்போது படியில் கை நீளும். கொடுத்துவிட்டுப் போவேன். கொடுக்காமல் போகிற தைரியம் உங்களுக்கு இருந்தால் வந்து குடியிருந்து பாருங்கள்.

அவர் ஆடுவதை விடுமுறை நாட்களில் பார்த்திருக்கிறேன். நான் ஆடினால் பந்து வருவதற்கு முன்பே துடுப்பை அடித்து, டேப்லெட்டைக் குலுக்கி, "ஐயோ ஐயோ" என்று நானும் சேர்ந்து உருள்வேன். அதிகம் குலுக்கினால் மேசை கோபித்துக்கொண்டு பூட்டிக்கொள்ளும். மதாம் குலுக்கவே மாட்டார். "ஆட்டுறது அவரு புத்தி. இடுப்பால இடிப்பாரு." பந்து இறங்கி வந்தால் துடுப்பைத் தூக்கிப் பிடித்து, அதன் இடுக்கில் பந்தை நிறுத்திவிடுவார். அப்படியே வைத்திருப்பார். அடுப்பில் பால் பொங்கினாலும், வாசலில் யாராவது கூப்பிட்டாலும் கட்டைவிரல் நகராது. பந்து அந்த இடுக்கில் மூச்சுக்காட்டாமல் கிடக்கும், ஃபிரிட்ஜில் கிடந்த கானாங்கெளுத்தி மாதிரி. பிறகு, அவர் நினைத்த நேரத்தில், நினைத்த இடத்துக்கு ஓர் அடி.

என் சாதனை இருபத்தெட்டு லட்சம். மதாம் பதினைந்தைத் தொட்டார், இருபதைத் தொட்டார். அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது.

உரிம ஒப்பந்தம் முடிவடைவதால் பேய்க்கணவாய் மேசை இந்த மாதக் கடைசியில் விலக்கிக்கொள்ளப்படும். அதற்குப் பிறகு வாங்க முடியாது, புதிதாக இறக்கிக்கொள்ளவும் முடியாது. ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் வழவழவென்று எழுதியிருந்தார்கள். "தொடர்ந்து கிடைக்கலாம்" என்று இருந்தது. அந்த 'லாம்' என்னைக் கொன்றுவிட்டது.

புயலில் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி பறந்துபோய்ப் பொறியாளர் வீட்டில் இறங்கியபோதுகூட நான் உட்கார்ந்து டீ குடித்தவன். இப்போது ஊற்றிய டீ அப்படியே ஆறியது. மதாமின் பழி தீராமல் மேசை போய்விட்டால், மிச்சப் பழி யார் தலையில் இறங்கும்? சொல்தா படமாகிவிட்டார். இருக்கிறது நான் ஒருத்தன்தானே.

முதலில் வைஃபையைப் பிடுங்கினேன். டேப்லெட்டை விமானப் பயன்முறையில் போட்டேன். அப்படியும் கம்பெனிக்காரன் காற்றில் கைவிட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவானோ என்று தோன்றியது. இரும்புக்குள் சிக்னல் நுழையாது என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னதைக் கேட்டு, டேப்லெட்டைத் துண்டில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். மாலையில் என் மனைவி அரிசி அளக்கக் கையை விட்டு, அலறி, தெருவைக் கூட்டினாள்.

அலறல் கேட்டு வந்த மதாமிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"நீ காசு குடுத்து வாங்கினதுதானே தம்பி?"

"வாங்கினதுதான் மதாம்."

"அப்புறம் எப்படிப் பிடுங்குவான்?"

"அந்த மேசை ஓவியம், பேரு எல்லாம் வேற ஒருத்தனோடது. இந்தச் செயலிக்காரன் அவங்கிட்ட ஒப்பந்தம் போட்டு வாங்கியிருக்கான். அது முடியுது. நான் வாங்கினது... வாங்கின மாதிரி, ஆனா நமக்குன்னு இல்ல."

"புரியுது. கல்யாணம் மாதிரி."

கீழே சுவரில் இருந்த சொல்தாவுக்கு இது கேட்டிருக்காது.

"என்னைக்குப் போவுது?"

"மாசக் கடைசி. ஆனா எந்த ஊரு மணின்னு போடல மதாம். அவனுக்கு விடியறப்பவா, நமக்கு விடியறப்பவான்னு தெரியல. எனக்கு நெஞ்சே..."

"மாசக் கடைசி போதும்" என்றார் மதாம். "அரிசியைத் தட்டிட்டுக் குடு."

மாதத்தின் கடைசி நாள் நான் துறைமுகத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லை. காலை பத்து மணிக்கு மதாம் கீழே தன் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று கம்பளிச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். அதற்கு முன்பும் பின்பும் அந்தக் கை மடிந்து நான் பார்த்ததில்லை. முதல் ஆட்டம் பன்னிரண்டு லட்சத்தில் போனது. அடுத்தது பத்தொன்பதில். மீன் அக்கா வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு, விற்காமல் உட்கார்ந்துவிட்டாள். நான் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"அண்ணே, பிரசவ வார்டு மாதிரி நடக்காத. ஒக்காரு" என்றாள் அக்கா.

மூன்றாவது ஆட்டத்தில் மதாம் பந்தைப் பிடித்துப் பிடித்து அனுப்பினார். முத்துக்குளிப்பவனின் தலைக்கவசம் ஒளிர்ந்தது. எட்டுக் கையிலும் ஒவ்வொன்றாக விளக்கு ஏறியது. என் இருபத்தெட்டு லட்சத்தை, சாலையில் கிடக்கிற வேகத்தடையை லாரி தாண்டுகிற மாதிரி, ஒரு குலுக்கலோடு தாண்டிப் போனார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் வலித்தது. முப்பத்திரண்டு, முப்பத்தைந்து. இரண்டு பந்துகள் போய்க் கடைசிப் பந்து. முப்பத்தேழுக்கு ஒரு மூச்சுத் தூரம். பந்து வேகமாக இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால் பந்து இடதுபக்கத் துடுப்பின் இடுக்கில் நிற்கிறது. மதாமின் கட்டைவிரல் கண்ணாடியை அழுத்தியபடி இருக்கிறது.

"அடிங்க மதாம்!"

அடிக்கவில்லை. மீன் அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, அந்தப் படத்தைக் கழட்டு."

"எந்தப் படத்தை?"

"எம் புருஷனத்தான். கழட்டி இந்த நாற்காலியில வை. என் பக்கமாத் திருப்பி."

"மாலையோடவா?"

"மாலையோடத்தான். ராஜால்ல?"

அக்கா முந்தானையில் மீன் கையைத் துடைத்துக்கொண்டு, சொல்தாவைச் சுவரிலிருந்து இறக்கி, மதாமுக்கு எதிரே நாற்காலியில் உட்காரவைத்தாள். மின்விசிறிக் காற்றில் மாலை ஆடியது. நான் மட்டும் "செயலிக்காரன் வந்துடுவான் மதாம், இப்ப அவன் ஊருல மணி என்னான்னு தெரியல மதாம்" என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

மதாம் படத்தின் கண்ணைப் பார்த்தபடியே விரலை எடுத்து, தட்டினார். பந்து ஏறிப் போய்ப் பேய்க்கணவாயின் வாய்க்குள் விழுந்தது. மணிகள் எல்லாம் சேர்ந்து அடித்தன. தூலோனில் தரைக்கு அடியில் அவர் கேட்டுக்கொண்டிருந்த அதே மணிகள்.

முப்பத்தெட்டு லட்சத்துப் பதினோராயிரம்.

பெயர் பொறிக்கச் சொல்லி மேசை கேட்டது. நிதானமாக எம், ஓ, ஐ என்று போட்டார். "அப்படின்னா என்னா மதாம்?" என்று என் மனைவி கேட்டாள். "முவா. நான்னு அர்த்தம்" என்றார். ருவாவின் முதல் எழுத்து மட்டும்தான் மாறியிருந்தது.

ஆனால் அவர் "வுவாலா" சொல்லவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். ஜெயித்த சந்தோஷத்தில் மீன் அக்காவின் இறாலை எல்லாம் நானே வாங்கிவிட்டேன்.

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்ததும் மதாம் கூப்பிட்டார். சொல்தா இன்னும் நாற்காலியில்தான் இருந்தார்.

"போயிடுச்சான்னு பாரு தம்பி."

மனைவியின் போனிலிருந்து இணைப்பு கொடுத்து, பயந்து பயந்து பார்த்தேன். செயலியின் கடையில் பேய்க்கணவாயைக் காணோம். ஆனால் எங்கள் டேப்லெட்டில் பத்திரமாக, புள்ளியோடு, முவாவோடு இருந்தது. நான் குதித்தேன். "இருக்கு மதாம்! இனிமே புதுசா யாருக்கும் கிடைக்காது. இந்த ஜில்லாவுலயே நம்மகிட்ட மட்டும்தான் இருக்கும்!"

"தெரியாம அழிஞ்சுபோயிட்டா திரும்ப இறக்கிக்கலாமா?"

"முடியாது."

"காசு குடுத்தாக்கூட?"

"கோடி குடுத்தாலும் முடியாது."

"நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயமா மதாம்" என்றேன், ஏதோ பெரிய விஷயத்தை விளக்கிவிட்ட பெருமையோடு. பொறியாளரும் இப்படித்தான் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார்.

மதாம் டேப்லெட்டை வாங்கி, பேய்க்கணவாய்ப் படத்தின்மேல் கட்டைவிரலை வைத்து, வழக்கமாகப் பந்தைப் பிடிக்கிற மாதிரியே அழுத்திப் பிடித்தார். மூலையில் குப்பைத்தொட்டி எழுந்தது. நான் எழுந்து கை நீட்டினேன். "மதாம்... மதாம்!" உறுதிதானா என்று செயலி கேட்டது. அவர் உறுதியாக இருந்தார். எட்டுக் கையும் ஒரு நொடியில் சுருங்கி மறைந்தன.

"என்ன மதாம் இது! நான் எப்படி அதை மிஞ்சுறது? திரும்ப எப்படி..."

"உன்னால முடியாது தம்பி, விடு" என்றார்.

பிறகு நாற்காலிப் பக்கம் திரும்பினார். "உங்களாலயும் முடியாது."

இரண்டு கையையும் தட்டினார். "வுவாலா."

அதற்குப் பிறகு சொல்தா சுவருக்குத் திரும்பினார். தினமும் காலையில் படத்துக்குப் பூ வைக்கும்போது மதாம் அந்த முப்பத்தெட்டு லட்சத்துப் பதினோராயிரத்தை ஒரு தடவை அவருக்குச் சொல்வார். மாடிவரைக்கும் கேட்கும். நான் பல் துலக்கிக்கொண்டே கேட்பேன்.

அடுத்த வருஷம் பிரான்சில் இருக்கிற மகள் வந்து மதாமைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். விமானத்துக்குக் கிளம்பிய அன்று அந்தக் கம்பளிச் சட்டை ஆணியில் தொங்கியது. "அங்க குளிருமே மதாம், எடுத்துக்கலையா?" என்றாள் என் மனைவி. "குளிருக்குப் பயந்து போட்டுக்கிட்டேன்னு அது நெனச்சுக்கும்" என்றுவிட்டுக் காரில் ஏறினார்.

பேய்க்கணவாய் போன துக்கத்தில் நான் பின்பால் பக்கமே போகாமல் இருந்தேன். நேற்று டேப்லெட்டைத் தட்டி எழுப்பினால் அடுத்த அறிவிப்பு வந்து கிடக்கிறது. இந்த மாதக் கடைசியில் ரயில் மேசையும் போகிறதாம். ஒப்பந்தம் முடிகிறதாம். ரயில் மேசையில் நான் புலி. போவதற்குள் ஆசை தீர ஆடிவிடுவோம் என்று திறந்தேன். உச்சப் புள்ளி என் புள்ளியைப் போல இரண்டு மடங்கு. பக்கத்தில் மூன்று எழுத்து. எம், ஓ, ஐ.

அடுத்த மேசையைத் திறந்தேன். முவா. அதற்கடுத்தது. முவா. பேய்க்கணவாய் போன பிறகும் காலையில் படியில் மதாமின் கை நீண்டுகொண்டுதான் இருந்தது. நான் துறைமுகத்தில் லாரிகளுக்குச் சீட்டு கிழித்துக்கொண்டிருந்த மதியங்களில், ஒரு மேசை விடாமல் எல்லாவற்றின் உச்சியிலும் ஏறி உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு தடவை சிரித்ததற்கு ஒரு மேசை போதாதா? அளவுக்கு மேலே கொடுக்கமாட்டார் என்று மேலே எழுதினேன். அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி பேச்சுக்கொடுத்தாள். "மதாம் போன் பண்ணாங்க. மக டேப்லெட்டுல அறிவிப்பு வந்துச்சாம். ஏதோ ரயில் போவுதாமே, தம்பி கெளம்பிட்டாரான்னு கேட்டாங்க. யாரு ஊருக்குப் போறா?"

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினேன். துறைமுகத்துக்கு என்ன காரணம் சொல்லி விடுப்பு எடுப்பது என்று யோசித்தேன். வயிற்றுவலி ஏற்கெனவே சொன்னது.

"வைஃபையைப் பிடுங்கிடு" என்றேன். "அப்புறம், மதாமோட போட்டோ ஏதாவது நம்மகிட்ட இருக்கா?"

"இருக்கே. நம்ம பொண்ணு காதுகுத்துல எடுத்தது. எதுக்கு?"

"எடுத்துட்டு வந்து அந்த நாற்காலியில வை. என் பக்கமாத் திருப்பி."